குறி ஏன் விலகுகிறது: தி ஹவுஸ் ஆஃப் தி டெட் ரீமேக்குக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

செகா நிறுவனத்தின் ஏஎம்1 குழு 1990களின் பிற்பாதியில் காசு போட்டு ஆடும் ஆர்கேட் கூடங்களுக்குக் கொண்டுவந்த தி ஹவுஸ் ஆஃப் தி டெட் விளையாட்டில், நடக்கும் வேலை ஆட்டக்காரருக்கு இல்லை. கேமரா தானாக மாளிகைக்குள் இழுத்துச் செல்லும், நாம் குறிபார்த்துச் சுட்டால் போதும். ரயில் ஷூட்டர் என்ற வகையின் முழு இன்பமும் குறி, விசை, குண்டு ஆகிய மூன்றும் ஒரே கணத்தில் ஒன்றுவதில்தான் இருக்கிறது. போலந்தைச் சேர்ந்த மெகாபிக்சல் ஸ்டூடியோ புதிதாகச் செய்து, 2022 ஏப்ரலில் ஃபாரெவர் என்டர்டெயின்மென்ட் வெளியிட்ட ரீமேக்கில் பலர் முதல் அத்தியாயத்தோடு நின்றுவிடுவதற்கும் இதுவே காரணம். அந்த மூன்றும் அவர்கள் வீட்டில் ஒன்றுவதில்லை.

இதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. லைட் கன் எனப்படும், திரையை நோக்கிச் சுடும் அந்தக் காலத்து விளையாட்டுத் துப்பாக்கிகள் பலவற்றின் குழலுக்குள் ஓர் ஒளி உணரி இருந்தது. பிக்சர் டியூபில் எலக்ட்ரான் கற்றை வரிவரியாகத் திரையை வரைந்துகொண்டு போகும்போது, அந்த உணரி பார்த்துக்கொண்டிருக்கும் புள்ளியைக் கற்றை எந்தக் கணத்தில் கடக்கிறது என்பதை வைத்தே, துப்பாக்கி திரையில் எங்கே நீட்டப்பட்டிருக்கிறது என்று இயந்திரம் கணக்கிட்டது. இன்றைய எல்சிடி, ஓஎல்இடி திரைகளில் அப்படி ஓடும் கற்றையே கிடையாது. ஆகவே பழைய துப்பாக்கி இவற்றில் வேலை செய்யாது. அதன் இடத்துக்கு வந்த ஜைரோ (கன்ட்ரோலர் திரும்புவதை உணரும் உணரி), மவுஸ், அனலாக் ஸ்டிக் ஆகியவற்றில் எதற்கும் திரை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு குறையிலிருந்து கிளைத்தவை.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்துகொள்வது நல்லது. கம்ப்யூட்டரில் ஆடுபவர்கள் மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சாதாரண மவுஸால் ஒரு காட்சியை ஆடிப்பார்க்கவும். நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலில் ஆடுபவர்கள் ஜைரோவை அணைத்துவிட்டு ஸ்டிக்கால் மட்டும் ஆடவும். குறி சரியாக நின்று, சுட்டவுடன் குண்டும் பாய்ந்தால், கோளாறு உங்கள் துப்பாக்கியிலோ ஜைரோவிலோ இருக்கிறது. அப்போதும் எல்லாம் பிந்தியே நடந்தால் கோளாறு திரையிலோ படம் வரையும் வேகத்திலோ இருக்கிறது. இரண்டும் சரியாக இருந்தும் எதிரி சாகவில்லை என்றால், அது பெரும்பாலும் கோளாறே அல்ல, விளையாட்டின் விதி. அதைக் கடைசிப் பகுதியில் பார்க்கலாம்.

குறி மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போகிறது

ஸ்விட்ச்சின் சிறிய கன்ட்ரோலரான ஜாய்-கானைத் துப்பாக்கிபோல் பிடித்து ஆடுபவர்களிடமிருந்து அதிகம் வரும் புகார் இது. ஜைரோ என்பது திரும்பும் வேகத்தை மட்டும் அளக்கும் உணரி. அந்த வேகங்களைக் கூட்டிக்கூட்டித்தான் குறி இப்போது எங்கே இருக்கவேண்டும் என்று விளையாட்டு ஊகிக்கிறது. ஒவ்வொரு கூட்டலிலும் ஒரு சிறு பிழை சேர்வதால், சில நிமிடங்களில் உங்கள் கை நேராக இருக்கும்போதே குறி இடப்பக்கச் சுவரில் போய் நிற்கும். நின்டெண்டோவின் பழைய வீ கன்சோலின் ரிமோட்டில் இந்தத் தொல்லை இல்லாமல் இருந்ததற்குக் காரணம், டிவியின் மேல் வைத்த சென்சார் பட்டையின் அகச்சிவப்பு விளக்குகளை அதன் கேமரா பார்த்துக்கொண்டே இருந்ததுதான். ஜாய்-கானைக் கொண்டு ஆடும்போது அப்படி ஒரு நிலையான அடையாளம் கிடைப்பதில்லை.

முதலில் ஜாய்-கானை ஒரு மேசையின் மேல் அசையாமல் வைத்துவிட்டு, விளையாட்டுக்குள் குறியைக் கவனியுங்கள். யாரும் தொடாமலே அது நகர்ந்தால், ஜைரோவை மட்டும் அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். அணைத்த பின்னும் நகர்கிறது என்றால் குற்றவாளி ஜைரோ அல்ல, தேய்ந்துபோன ஸ்டிக். சிஸ்டம் செட்டிங்ஸில் ஸ்டிக்குக்கு உரிய கேலிப்ரேஷனை (அளவுத் திருத்தத்தை) செய்துபார்த்து, அதற்கும் அடங்காவிட்டால் ஸ்டிக்கைப் பழுதுபார்ப்பது தவிர வேறு வழி இல்லை. அணைத்தவுடன் நின்றுவிட்டது என்றால் ஜைரோவின் சுழியம் நழுவியிருக்கிறது. சிஸ்டம் செட்டிங்ஸ், அதற்குள் கன்ட்ரோலர்ஸ் அண்ட் சென்சார்ஸ், அதற்குள் கேலிப்ரேட் மோஷன் கன்ட்ரோல்ஸ் என்று போய், ஜாய்-கானைச் சமதளத்தில் கிடத்தித் திரை சொல்லும் பொத்தானை அழுத்திப் பிடிக்கவேண்டும். சமதளம் என்று சொல்லும்போது மெத்தையையோ சோபாக் கைப்பிடியையோ பயன்படுத்தக் கூடாது. கைப்பட்டை மாட்டியிருந்தால் அதைக் கழற்றிவிடவும், இல்லாவிட்டால் ஜாய்-கான் ஒருபுறம் தூக்கி நிற்கும், கேலிப்ரேஷன் முழுதும் வீணாகும்.

மேசைமேல் அசையாமல் இருந்த குறி, வேகமாகத் திருப்பிய பிறகு மட்டும் இடம் மாறுகிறது என்றால், அது பழுது அல்ல. ஜைரோவின் இயல்பே அதுதான். இதற்கென்றே குறியை நடுவுக்குக் கொண்டுவரும் பொத்தான் விளையாட்டின் கன்ட்ரோல் செட்டிங்ஸில் இருக்கிறது. எந்தப் பொத்தான் என்று அங்கே பார்த்து, கட்டைவிரல் இயல்பாக எட்டும் இடத்துக்கு அதை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு கதவு திறக்கும்போதும் அடுத்த அறைக்குக் கேமரா திரும்பும்போதும் எதிரிகள் இல்லாத ஓரிரு நொடிகள் கிடைக்கும். அப்போதெல்லாம் கையைத் திரையின் நடுவுக்கு நீட்டி அந்தப் பொத்தானை ஒருமுறை தட்டுவது பழக்கமாகிவிட்டால், இந்தப் புகாரே மறைந்துவிடும். ஆர்கேடில் திரைக்கு வெளியே சுட்டுக் குண்டு நிரப்பிய கைகளுக்கு அந்தத் தாளம் ஏற்கெனவே தெரியும்.

எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் ஜைரோவே இல்லை என்பதால், ஜைரோ பற்றிய வசதியைச் செட்டிங்ஸில் தேடி நேரத்தை வீணாக்கவேண்டாம். கம்ப்யூட்டரில் பிளேஸ்டேஷனின் டூயல்சென்ஸ், டூயல்ஷாக் 4, அல்லது ஸ்விட்ச் ப்ரோ கன்ட்ரோலர் போன்றவை இருந்தால், விளையாட்டுகளை வாங்கி இயக்கும் ஸ்டீம் மென்பொருளின் கன்ட்ரோலர் அமைப்பில் ஜைரோவை மவுஸாக மாற்றிக் கொடுக்கலாம். என் கணிப்பில் லைட் கன் இல்லாதவர்களுக்கு அதுவே மிகச் சிறந்த வழி.

குறி திரையின் விளிம்பை எட்டவில்லை, அல்லது சிறு அசைவுக்கே எகிறுகிறது

இது உணர்திறன் அளவின் சிக்கல். இதைக் கண்மதிப்பில் கூட்டிக் குறைப்பதைவிடக் கணக்காகச் செய்வது எளிது. 55 அங்குல டிவியின் அகலம் ஏறத்தாழ 122 செ.மீ. அதிலிருந்து 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், இடது விளிம்பிலிருந்து வலது விளிம்புவரை கை திரும்பவேண்டிய கோணம் சுமார் 34 பாகை. இரண்டரை மீட்டர் தள்ளினால் அது 27 பாகையாகச் சுருங்குகிறது. கையை டிவியின் இடது ஓரத்துக்கு நேராக நீட்டி, பின் வலது ஓரத்துக்குத் திருப்பும்போது குறியும் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்குப் போகவேண்டும். கை முந்தினால் உணர்திறனைக் கூட்டவும், குறி முந்தினால் குறைக்கவும். இந்தப் பொருத்தம் கிடைத்த பிறகு நாற்காலியை முன்னும் பின்னும் நகர்த்தாதீர்கள். நகர்த்தினால் மறுபடி அளக்கவேண்டும்.

மவுஸில் எகிறல் இருந்தால், விண்டோஸின் மவுஸ் செட்டிங்ஸில் என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன் என்ற தேர்வை அணைக்கவும். அது இயங்கும்போது, மெதுவாக நகர்த்தினால் ஒரு தூரமும் வேகமாக நகர்த்தினால் வேறொரு தூரமும் குறி போகும், கை எதையும் கற்றுக்கொள்ளாது.

விசையை அழுத்திச் சற்றுப் பிந்தியே குண்டு பாய்கிறது

நொடிக்கு 60 ஃபிரேம் (தனித்தனிப் படம்) ஓடும் விளையாட்டில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிநொடி, 30 ஃபிரேமில் 33.3 மில்லிநொடி. டிவிக்குள் படத்தை மெருகேற்றும் செயல்முறைகள் எல்லாம் இயங்கினால், அவை மட்டுமே 100 மில்லிநொடிக்கு மேல் தின்றுவிடக்கூடும். அதாவது நீங்கள் பார்க்கும் ஜாம்பி, விளையாட்டின் கணக்கில் ஆறு ஃபிரேம்களுக்கு முன்பே அந்த இடத்தைவிட்டுப் போய்விட்டது. கோடரி எறியும் எதிரி கையை ஓங்கும்போது இந்த இடைவெளிதான் உயிரை வாங்குகிறது.

டிவியில் இந்தத் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடை இயக்குங்கள். கேம் மோடு இயங்கினாலும், அசைவைச் சீராக்கும் வசதியும் இரைச்சல் குறைப்பும் தனியே இயங்குகின்றனவா என்று பாருங்கள், இயங்கினால் அணைக்கவும். கேம் மோடு பெரும்பாலான டிவிகளில் ஒவ்வொரு எச்டிஎம்ஐ வாயிலுக்கும் தனித்தனியாக நினைவில் வைக்கப்படுகிறது. கேபிளை வேறு வாயிலுக்கு மாற்றியதும் பழைய தாமதம் திரும்பிவந்துவிட்டதாகச் சொல்பவர்கள் முதலில் பார்க்கவேண்டிய இடம் அதுதான். ஒலியை புளூடூத் ஸ்பீக்கரில் கேட்டால் சுடும் சத்தம் பிந்தி வரும், அதனால் குண்டே பிந்துவதாகத் தோன்றும். கம்பி வழியாக ஒலியை எடுத்து ஒருமுறை ஆடிப்பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

தாமதம் விட்டுவிட்டு வருகிறது, சில நேரம் குறி ஒரு நொடி உறைந்து பின் தாவுகிறது என்றால், அது டிவியின் வேலை அல்ல. ஜாய்-கானின் புளூடூத் தொடர்பு அறுந்து அறுந்து சேர்கிறது. ஸ்விட்ச்சை டிவியோடு இணைக்கும் டாக்கை டிவியின் பின்னால் ஒளித்து வைத்திருந்தால் வெளியே எடுத்து, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைக்கவும். யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கும் அதன் கேபிளும் புளூடூத் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை எழுப்பக்கூடியவை. அவை டாக்கை ஒட்டி இருந்தால் தள்ளிவைக்கவும்.

லைட் கன் வைத்துச் சுடும்போது குண்டு குறிக்கு அப்பால் விழுகிறது

கம்ப்யூட்டரில் இந்த ரீமேக்கை ஆடுவோர் பயன்படுத்தும் துப்பாக்கிகள் இரு வகை. சிண்டென் துப்பாக்கியின் குழலில் ஒரு கேமரா இருக்கிறது. திரையைச் சுற்றி வரையப்படும் வெள்ளைச் சட்டத்தை அது பார்த்து, தான் எங்கே நீட்டப்பட்டிருக்கிறது என்று கணக்கிடுகிறது. கன்4ஐஆர் வகையில் டிவியைச் சுற்றி ஒட்டிய அகச்சிவப்பு எல்இடிகளைத் துப்பாக்கி பார்க்கிறது. பழைய ஆர்கேட் அனுபவத்துக்கு மிக நெருங்கியவை இவைதாம். இவற்றுக்குத் திரை எங்கே என்று தெரியும். ஆகவே குண்டு தவறினால் அதற்குக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரு காரணம் நிச்சயம் இருக்கும்.

திரையின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் சுட்டு, விலகல் எப்படி அமைகிறது என்று பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே திசையில் ஒரே அளவு விலகினால், துப்பாக்கியின் கேலிப்ரேஷனை மட்டும் மறுபடி செய்தால் போதும். நடுவில் சரியாக இருந்து ஓரங்களுக்குப் போகப்போக விலகல் வளர்ந்தால், விளையாட்டு வரையும் பரப்பும் துப்பாக்கி நினைத்திருக்கும் பரப்பும் ஒன்றல்ல. டிவி ஓவர்ஸ்கேன் செய்து படத்தின் விளிம்புகளை வெட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் ஃபிட், ஃபுல் பிக்சல் என்று நிறுவனத்துக்கு ஒரு பெயரில் அந்தத் தேர்வு இருக்கும். ஓவர்ஸ்கேன் இயங்கும்போது சிண்டெனின் வெள்ளைச் சட்டமே ஒரு பக்கம் வெட்டுப்பட்டுப் போகலாம். அடுத்து, விளையாட்டின் தெளிவளவும் (ரெசல்யூஷன்) விண்டோஸ் திரையின் தெளிவளவும் ஒன்றாக இருக்கவேண்டும். விண்டோஸில் டிஸ்பிளே ஸ்கேலிங் 150 விழுக்காடு என்று இருந்தால் 100க்குக் குறைத்து மறுபடி சோதிக்கவும். 21:9 அகலத் திரையில் 16:9 படம் ஓடி இருபுறமும் கறுப்புப் பட்டை விழுந்தாலும் இதே விலகல்தான் தெரியும்.

விலகல் ஒழுங்கில்லாமல், ஒருமுறை இங்கும் ஒருமுறை அங்கும் தாவினால் அறையின் வெளிச்சத்தைச் சந்தேகியுங்கள். சிண்டெனுக்கு எதிரி திரைக் கண்ணாடியில் பிரதிபலிக்கும் ஜன்னலும் டியூப்லைட்டும். அவை வெள்ளைச் சட்டத்தை விழுங்கிவிடும். கன்4ஐஆருக்கு எதிரி அகச்சிவப்பை உமிழும் எதுவும். சூரிய ஒளி, பழைய குண்டு பல்பு, ஹாலஜன் விளக்கு, ஏன், டிவி அருகே எரியும் மெழுகுவத்தியின் சுடர்கூட அதைக் குழப்பும். வீ காலத்தில் சென்சார் பட்டை உடைந்தவர்கள் அதற்குப் பதில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றிவைத்து ஆடினார்கள் என்பதை நினைத்தால், அந்தச் சிறு சுடருக்கு எவ்வளவு வலிமை என்று புரியும். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள், எந்த விளக்கில் தாவல் நிற்கிறதோ அதுவே காரணம்.

துப்பாக்கியே சில நேரம் அடையாளம் தெரியாமல் போவது வேறு கதை. சிண்டெனின் கேமரா தொடர்ந்து படம் அனுப்புவதால் யுஎஸ்பி பாதையை நிறைய எடுத்துக்கொள்ளும். இரண்டு துப்பாக்கிகளை ஒரே ஹப்பில் செருகாமல், கம்ப்யூட்டரின் தனித்தனி வாயில்களில் நேரடியாகச் செருகவும். நீட்டிப்புக் கேபிள் இருந்தால் எடுத்துவிட்டு ஒருமுறை பார்க்கவும்.

திரைக்கு வெளியே சுட்டும் குண்டு நிரம்பவில்லை

ஆர்கேடில் ஆறு குண்டு தீர்ந்ததும் துப்பாக்கியைத் திரைக்கு வெளியே காட்டிச் சுட்டால் ரீலோட் ஆகும். ரீமேக்கில் அந்த வேலைக்குத் தனிப் பொத்தான் இருக்கிறது. மவுஸாக நடிக்கும் துப்பாக்கி திரைக்கு வெளியே போனால், குறி விளிம்பில் முட்டி நிற்குமே தவிர வெளியேறாது. ஆகவே மாற்றத்தைத் துப்பாக்கியின் பக்கத்தில் செய்யவேண்டும். சிண்டென், கன்4ஐஆர் இரண்டின் மென்பொருளிலும், திரைக்கு வெளியே விசையை இழுத்தால் எந்தப் பொத்தானை அனுப்பவேண்டும் என்று குறிப்பிட இடம் உண்டு. விளையாட்டின் கன்ட்ரோல் செட்டிங்ஸில் ரீலோடுக்கு எந்தப் பொத்தான் இருக்கிறதோ அதையே அங்கே கொடுங்கள். இது அமைந்துவிட்டால் ஆட்டத்தின் சுவை பல மடங்கு கூடும். தவறவிடாதீர்கள்.

இரண்டாவது துப்பாக்கி அசைந்தாலும் முதல் ஆளின் குறிதான் நகர்கிறது

எத்தனை மவுஸ் செருகினாலும் விண்டோஸ் அவற்றை ஒரே சுட்டியாகச் சேர்த்துவிடுகிறது. இரண்டு துப்பாக்கிகளும் மவுஸாகவே தங்களைக் காட்டிக்கொள்வதால் இருவரும் ஒரே குறியைப் பிடித்து இழுக்கிறார்கள். ஒருவர் மவுஸ் வகையிலும் மற்றவர் கேம்பேடிலும் ஆடுவது எளிய வழி. இருவருக்கும் துப்பாக்கிதான் வேண்டும் என்றால், ஒவ்வொரு துப்பாக்கியையும் தனியாகப் படித்து விளையாட்டுக்குக் கொடுக்கும் டெமுல்ஷூட்டர் என்ற இலவச மென்பொருளைப் பாருங்கள். உங்களிடம் உள்ள பதிப்பு அதன் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு தொடங்கவும். விளையாட்டுக்குப் புதுப்பிப்பு வந்தால் அந்த இணைப்பு அறுந்துபோகலாம் என்பதால், ஸ்டீமில் தானியங்கிப் புதுப்பிப்பைத் தள்ளிவைப்பது நல்லது.

படம் திக்குகிறது

லேப்டாப்பில் ஆடினால் சார்ஜரைச் செருகி, விண்டோஸின் டிஸ்பிளே செட்டிங்ஸில் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய் இந்த விளையாட்டுக்கு ஹை பெர்பாமன்ஸ் என்று கொடுங்கள். இல்லாவிட்டால் தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தும் சில கணினிகளில் உள்ளமைந்த சில்லே வேலை செய்துகொண்டிருக்கும். அடுத்து நிழலின் தரத்தையும் தெளிவளவையும் குறைத்துப் பாருங்கள். சிண்டென் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். அதன் மென்பொருள் கேமராப் படத்தைக் கம்ப்யூட்டரின் செயலியிலேயே அலசுவதால், பலவீனமான செயலியில் துப்பாக்கியே விளையாட்டின் ஃபிரேம்களைத் தின்றுவிடும். மென்பொருளை மூடிவிட்டு மவுஸால் ஆடும்போது திக்கல் நின்றால் இதுதான் காரணம். எதிரிகள் கூட்டங்கூட்டமாக வரும் ஹோர்டு மோடில் மட்டும் திக்கினால், கேம்பெய்ன் மோடில் ஆடுவதே தீர்வு.

எல்லாம் சரி, ஆனால் சுட்டும் பயனில்லை

அத்தியாய முடிவில் வரும் பெரிய எதிரிகளான தலைவர்களில் (பாஸ்) முதல்வனான சேரியட்டைச் சுட்டுச் சுட்டு அலுத்துப்போய், குண்டு படவில்லை என்று நினைப்பவர்கள் பலர். தலைவர்களின் சண்டைக்கு முன் ஒரு குறிப்பேட்டின் பக்கம் திறந்து, பலவீனப் புள்ளி எங்கே என்று காட்டப்படுகிறது. அந்த நொடியில் பொத்தானை அழுத்தித் தாண்டிவிடாமல் பாருங்கள். சேரியட்டின் கவசம் குண்டைத் தடுக்கும், மார்பில் கவசம் மூடாத இடம் ஒன்றுதான் வலிக்கும், அது போதிய அடி வாங்கியதும் கவசம் சிதறி உடல் முழுதும் திறந்துகொள்ளும். ஹெர்மிட் என்ற சிலந்திக்குத் தலையைக் குறிவைக்கவேண்டும். மெஜிஷியனின் உடலில் கவசம் மூடாத சதைப்பகுதிகளை மட்டும் சுடவேண்டும், அவன் வீசும் தீயுருண்டைகளை வழியிலேயே சுட்டு அழிக்கலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும். இந்தச் சண்டைகளில் குறி ஒரு விரற்கடை விலகினாலும் அடி கணக்கில் வராது என்பதால், அவற்றுக்குமுன் குறியை நடுப்படுத்திக்கொள்ளுங்கள்.

காரணமே இல்லாமல் உயிர் குறைந்தது என்றால், அறிவியலாளரைச் சுட்டிருப்பீர்கள். ஜாம்பியின் பிடியில் இருக்கும் ஆளின் மேல் குண்டு பட்டால் உங்கள் உயிர் ஒன்று போகும். காப்பாற்றினால் சிலர் உயிர் ஒன்றைத் தருவார்கள். நெருக்கடியில் உடலைச் சுடாமல், ஜாம்பியின் தலை தனியே தெரியும் கணத்துக்குக் காத்திருக்கவும்.

நண்பர் சென்ற வழி உங்களுக்குத் திறக்கவில்லை என்பதும் பழுது அல்ல. முதல் அத்தியாயத்தில் பாலத்தின் மேல் ஒரு ஜாம்பி ஓர் ஆளைத் தூக்கி எறியப்போகும் இடத்தில், அவரைக் காப்பாற்றினால் மாளிகையின் முன்வாசல் வழியும், தவறினால் கீழே இறங்கும் வழியும் கிடைக்கும். மதிப்பெண் நண்பருடையதோடு ஒத்துப்போகவில்லை என்றால், இருவரும் ஒரே வகைக் கணக்கில் ஆடினீர்களா என்று பாருங்கள். கிளாசிக், மாடர்ன் என்று இரண்டு மதிப்பெண் முறைகள் இருக்கின்றன, தொடர்ச்சியாகத் தவறாமல் சுடுவதற்குப் பெருக்கம் கொடுப்பது மாடர்ன் முறை. ஆட்டம் தொடங்கும்முன் தேர்வுத் திரையில் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.